மழைக்குப் பின் வரப்பில் கீரை பறிப்பு: அடையாளம் முதல் அடுப்பு வரை

வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாக நனைத்துவிட்டால் போதும், மானாவாரிக் காட்டிலும் வயல் வரப்பிலும் யாரும் விதைக்காத கீரைகள் தலைகாட்டத் தொடங்கும். நிலத்துக்காரருக்கு அவை களை. களையெடுக்க வரும் பெண்கள் அவற்றையே மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கடைந்துவிடுவார்கள். கலவைக்கீரை என்று சந்தையில் இன்று விலைக்கு வருவதில் பாதி இப்படி வந்ததுதான்.

இது புதிதாகத் தொடங்குபவருக்கான வழிகாட்டி. முதல் பருவத்தில் ஐந்தே கீரைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது கீரைகளின் பெயர் தெரிந்து இலையை உறுதியாகச் சொல்ல முடியாதவரைவிட, ஐந்தைக் கண்ணை மூடித் தடவிச் சொல்பவரே பாதுகாப்பாகச் சமைப்பார்.

எப்போது, எங்கே

நல்ல மழை பெய்து 15 முதல் 25 நாட்களுக்குள் பறிப்பது சரியான பதம். அதற்கு முன் செடி மிகச் சிறிது. அடையாளக் குறிகள் வெளிப்பட்டிருக்காது. அதற்குப் பின் பூத்து நார் ஏறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் மழை பெறும் மாவட்டங்களில் ஆடி, ஆவணியிலும் இதே கணக்குதான்.

இடம்தான் முக்கால்வாசி விஷயம். சாக்கடை ஓரம், குப்பைமேடு, தொழிற்சாலைக் கழிவுநீர் பாயும் வாய்க்கால் ஆகியவற்றில் கீரை எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் தொடாதீர்கள். தண்டுக்கீரை இனங்கள் மண்ணிலுள்ள நைட்ரேட்டையும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இழுத்து இலையில் சேர்ப்பவை. கழுவினால் போகாது. பெருஞ்சாலையிலிருந்து குறைந்தது 100 அடியாவது உள்ளே தள்ளிப் போங்கள்.

அடுத்த எதிரி களைக்கொல்லி. 2,4-டி அடித்த வயலில் ஓரிரு நாளிலேயே அகன்ற இலைச் செடிகளின் தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை சுருளும். கிளைபோசேட் அப்படிக் காட்டிக்கொடுக்காது. அடித்து ஒரு வாரம் வரைகூடச் செடி பச்சையாகவே நிற்கும். ஆகவே கண்ணை நம்பாமல் வாயைத் திறந்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள். எப்படியும் அனுமதி கேட்கப் போகிறீர்கள், அதோடு சேர்த்து இதையும் கேட்டுவிடலாம். மருந்து அடித்தது என்றால் அந்தப் பருவம் முழுக்க அந்த வயலை விட்டுவிடுங்கள். பருத்திக் காட்டில் பூச்சிமருந்தும் சேரும் என்பதால் அங்கே கேட்கவே வேண்டாம், ஒதுங்குவது மேல். காப்புக்காட்டில் அனுமதியின்றி இலை பறிப்பதும் குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சிறு கத்தி அல்லது கருக்கரிவாள், இரண்டு மூன்று பருத்தித் துணிப்பைகள், நனைத்துப் பிழிந்த ஒரு துண்டு, கணுக்காலை மூடும் காலணி, நீளமான கம்பு. பிளாஸ்டிக் பை வேண்டாம். வெயிலில் உள்ளே வியர்த்துக் கீரை அரை மணியில் வெந்ததுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பை. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் வீட்டில் உட்கார்ந்து ஆயும்போது இடையில் வந்த அந்நிய இலையைக் கண்டுபிடிப்பது கடினம். தவறுகள் பெரும்பாலும் வயலில் நடப்பதில்லை, இந்தக் குவியலில்தான் நடக்கின்றன.

கம்பு பாம்புக்காக. வரப்பின் புல்லைத் தட்டிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். கண்ணாடி விரியனும் நாகமும் எலி தேடி வரப்புக்கு வரும். சுருட்டை விரியன் கல் இடுக்கில் கிடக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடையாளம் காணும் முறை

ஒரு செடியை இந்த வரிசையில் பாருங்கள். இலைகள் தண்டில் எதிரெதிராக உள்ளனவா, மாறிமாறி உள்ளனவா? தண்டு உருண்டையா, பட்டையா, உள்ளே குழலா? ஒடித்தால் பால் வருகிறதா? இலைக்கக்கத்தில் முள் உண்டா? பூ எங்கிருந்து, என்ன நிறத்தில் வருகிறது? கசக்கினால் என்ன வாசனை? இந்த ஆறும் ஒத்துவந்தால்தான் பையில் போடலாம். ஐந்து ஒத்து ஒன்று ஒத்துவராவிட்டால் அது வேறு செடி.

முதல் முறை பார்க்கும் செடியைப் பறிக்க வேண்டாம். இடத்தைக் குறித்துவைத்து, பூக்கும்வரை காத்திருந்து, இலை, தண்டு, பூ மூன்றையும் படம் எடுங்கள். ஒரு கொப்பைச் செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்தி உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஊரில் களையெடுப்பவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் பெயரை மட்டும் கொண்டு இணையத்தில் தேடாதீர்கள். சாரணை என்ற பெயரில் ஒரு ஊரில் ஒரு செடியும் பக்கத்து மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கும். கைபேசிச் செயலி சொல்வது தேடலுக்கு ஒரு துப்பு; சாப்பிட அனுமதிச் சீட்டு அல்ல. தெரியாத இலையை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அறவே கூடாது.

முதல் ஐந்து

குப்பைக்கீரை: முள்ளில்லாத சிறு தண்டுக்கீரை இனம். இலை மாறிமாறி வரும், நீண்ட காம்பு இருக்கும், இலை நுனியில் சிறு வெட்டுப்போல் ஒரு பள்ளம் தெரியும். நுனியில் பச்சை நிறக் கதிர். இதே உருவத்தில் இலைக்கக்கத்தில் இரட்டை முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதுவும் இளசாக உண்ணத்தக்கதே, கைதான் பாடுபடும்.

தொய்யக்கீரை: கலவைக்கு உடல் தருவது இதுதான். மென்மையான இலை, மெல்லிய நீண்ட காம்பு, இலைக்கக்கத்திலிருந்து நீண்ட காம்போடு எழும் ஒல்லியான இளஞ்சிவப்புக் கதிர். கசப்பே இல்லை. செம்மண் காட்டிலும் கடலைக் காட்டிலும் நிறையக் கிடைக்கும்.

பண்ணைக்கீரை: நிமிர்ந்து வளரும், ஈட்டி வடிவ ஒடுங்கிய இலை. பூக்கதிர் தொடக்கத்தில் ரோஜா நிறத்திலும் முதிரும்போது வெள்ளி வெள்ளையாகவும் மாறும். கதிர் வந்த செடியை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் கதிர் வராத இளஞ்செடியைப் பறியுங்கள்.

பருப்புக்கீரை: தரைக்கீரை, கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். தரையோடு படரும், சதைப்பற்றுள்ள கரண்டி வடிவ இலை, செந்தண்டு, மஞ்சள் பூ. புளிப்பும் வழுவழுப்பும் உண்டு. இதில்தான் முதல் பொறி இருக்கிறது. சித்திரப்பாலாடையும் தரையோடு செந்தண்டுடன் படரும், பருப்புக்கீரைக்கு நடுவிலேயே முளைக்கும். அதன் இலை சிறிதாக, மெல்லியதாக இருக்கும். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். பருப்புக்கீரையில் நீர்தான் கசியும். பறிக்கும் ஒவ்வொரு கொடியையும் ஒருமுறை ஒடித்துப் பார்த்துவிடுங்கள்.

மூக்கிரட்டை: தரையில் படரும் கொடி, இலைகள் எதிரெதிராக வந்தாலும் ஒரு ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும், விளிம்பு லேசாக நெளிந்து சிவந்திருக்கும். மெல்லிய காம்புகளில் கொத்தாகச் சிறிய அடர்சிவப்புப் பூ. காய் உடையில் ஒட்டும். இதோடு குழம்புவது சாரணை. அதிலும் ஜோடி இலைகள் சமமில்லை. ஆனால் சாரணையின் இலையும் தண்டும் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். பூ வெளியே கொத்தாக வராமல் இலைக்கக்கத்தில் பொதிந்து ஒட்டியிருக்கும். சாரணையின் இளந்தளிரைச் சமைக்கும் ஊர்கள் உண்டு. முற்றியதில் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி, வயிற்றைப் போக்கும். முதல் பருவத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்த பருவத்துக்கு

பொன்னாங்கண்ணி குளக்கரையிலும் ஈர வரப்பிலும் வரும். இலைகள் எதிரெதிர், வெள்ளைப் பூ மொத்தையாகக் கணுவிலேயே ஒட்டியிருக்கும், காம்பு இருக்காது. நகரத்து ஏரிகளில் அடர்த்தியாகப் பரவும் இன்னொரு செடி இதேபோல் இருக்கும். அதன் பூமொத்தை ஒரு அங்குலத்துக்கும் மேலான காம்பில் நிற்கும், தண்டு உள்ளே குழலாக இருக்கும். கழிவுநீரில் செழிக்கும் அந்த அயல்நாட்டுச் செடியைப் பொன்னாங்கண்ணி என்று பறித்துவருகிறவர்கள் நிறையப் பேர்.

முடக்கத்தானுக்குக் காய்தான் சாட்சி: மூன்று பட்டையுள்ள காற்றடைத்த பச்சைப் பை, உள்ளே வெள்ளை இதயக் குறியிட்ட கருப்பு விதை. தூதுவளை ஏறுகொடி, வளைந்த முள், ஊதாப் பூ, சிவந்த பழம். தரையோடு கிடந்து நேரான நீண்ட முள்ளும் மஞ்சள் பழமும் கொண்டிருந்தால் அது கண்டங்கத்திரி. மணத்தக்காளியின் சிறு வெள்ளைப் பூக்கள் மஞ்சள் நடுவுடன் கொத்தாகத் தொங்கும். பழுத்தால் கருப்பு அல்லது செம்மஞ்சள்.

தொடவே கூடாதவை

ஊமத்தை இளஞ்செடி மணத்தக்காளிக்கும் தண்டுக்கீரைக்கும் நடுவில் கலந்து வந்துவிடும். இலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமில்லாமல் இருக்கும், கசக்கினால் குமட்டும் நாற்றம். சாப்பிட்டால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றத் தொடங்குவார்கள்.

செங்காந்தள் மாநில மலர் என்பதால் எல்லோருக்கும் பூ தெரியும், பூக்காத கொடியும் கிழங்கும் தெரியாது. இலை நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருளும். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ காட்டுவள்ளி என்றோ எடுத்துத் தின்று உயிரிழப்பவர்கள் உண்டு. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பது இதுவே. செடி முழுவதும் கோல்ச்சிசின் நஞ்சு, கிழங்கில் மிகுதி. வறண்ட குன்றுகளில் வளரும் ஒடுவந்தழையின் இலையைக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. கிழங்கு, காட்டு விதை, காளான் மூன்றும் இந்த வழிகாட்டிக்கு வெளியே. இலைக்குச் சொன்ன விதிகளை அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

பறித்தல்

காலையில் பனி ஈரம் உலர்ந்த பின், வெயில் ஏறும் முன். நுனியிலிருந்து நான்கு விரற்கடை அளவு கிள்ளினால் போதும். நகத்தால் கிள்ளும்போது சட்டென ஒடிய வேண்டும். நார் இழுத்தால் முற்றல், விட்டுவிடுங்கள். வரப்பிலும் வேலியிலும் ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காவிட்டால் பத்து நாளில் மறுபடி தளிர்க்கும். பயிருக்குள் நிற்பதை வேரோடு பிடுங்கினால் நிலத்துக்காரர் மகிழ்வார், ஆனால் மண் ஒட்டிய வேரை அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டுத் தண்டை மட்டும் பையில் போடுங்கள். பறித்த பையை ஈரத்துண்டால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு கிலோ பறித்தால் ஆய்ந்தபின் ஏறத்தாழ 600 கிராம் தேறும்.

ஆய்தல், அலசல்

ஒவ்வொரு பையையும் தனித்தனியாகத் தாளில் கொட்டி, ஒவ்வொரு கொப்பாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு கொப்பைச் சமைக்காமல் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும்.

அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கீரையை மிதக்கவிட்டு, கையால் அளைந்து, மேலிருந்து அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையில் ஏறிவிடும். தரையில் படரும் பருப்புக்கீரைக்கும் மூக்கிரட்டைக்கும் நான்கு முறை, மற்றவற்றுக்கு மூன்று முறை. குளக்கரையில் பறித்த பொன்னாங்கண்ணி, வல்லாரை இரண்டையும் பச்சையாகத் தின்னக் கூடாது. மாடு இறங்கும் நீர்நிலையில் ஈரல் புழுவின் கூடுகள் இலையில் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீருக்கு அவை சாகாது, கொதிக்க வேண்டும். வல்லாரைச் சம்பல் செய்ய ஆசையென்றால் சுத்தமான தண்ணீர் ஊற்றித் தொட்டியில் வளர்த்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கலவைக்கீரை கடைசல்

கலவை என்றால் கிடைத்ததையெல்லாம் போடுவதல்ல. சப்பென்ற கீரை 3 பங்கு (தொய்யல், குப்பை, பண்ணை), புளிப்பு 1 பங்கு (பருப்புக்கீரை), கசப்பு அரைப் பங்கு (மூக்கிரட்டை). இந்த விகிதம் தவறினால் எந்தத் தாளிப்பும் காப்பாற்றாது.

நான்கு பேருக்கு: ஆய்ந்த கீரை 400 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், பச்சைமிளகாய் 4, சீரகம் அரைத் தேக்கரண்டி, கோலிக்குண்டு அளவு புளி, உப்பு 1 தேக்கரண்டி. தாளிக்க நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் 2, இருந்தால் ஒரு துண்டு வெங்காய வடகம்.

1. பருப்பை 400 மில்லி தண்ணீரில் மலர வேகவைக்கவும். குழையக் கூடாது.
2. பருப்புக்கீரையை மட்டும் தனியாக, ஒரு லிட்டர் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதியும் வழுவழுப்பும் இதோடு போகும்.
3. பருப்போடு வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம் சேர்த்து ஒரு கொதி வந்ததும் எல்லாக் கீரையையும் போட்டு, மூடாமல் 7 முதல் 8 நிமிடம் வேகவிடவும். மூடினால் இலையிலிருந்து ஆவியாகும் அமிலம் மறுபடி பாத்திரத்திலேயே விழுந்து பச்சை நிறம் மங்கிக் காக்கி நிறமாகிவிடும்.
4. உப்பும் புளியும் கடைசியில். புளியை முதலிலேயே போட்டாலும் இதே நிற மாற்றம்தான், அதோடு பருப்பும் வேகாது.
5. அதிகத் தண்ணீரைத் தனியே வடித்துவைத்து, கீரைச்சட்டியில் மத்தால் கடையவும். பதம் பார்த்து வடித்த நீரைத் திரும்பச் சேர்க்கவும். மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும், வேறு வழியில்லை என்றால் இரண்டே சுற்று.
6. தாளித்துக் கொட்டி அன்றே தின்று தீர்க்கவும். வெந்த கீரையை இரவு முழுக்க வெளியில் வைத்தால் கிருமிகள் அதிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும்.

கசந்துபோனால் மூக்கிரட்டை முற்றல் என்று பொருள். ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஓரளவு சரிக்கட்டும். நறநறவென்றால் அலசியது போதவில்லை. அதற்கு மருந்து இல்லை.

எந்தக் கீரையையும் முதல் முறை தனியாக, வெந்தது இரண்டு மேசைக்கரண்டி மட்டும் உண்டு, ஒரு நாள் பொறுங்கள். ஒரே நாளில் இரண்டு புதிய கீரைகளைச் சோதித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போய்விடும்.

பிரண்டைத் துவையல்

வேலியில் ஏறும் நாற்பட்டைப் பிரண்டையில் நுனியிலிருந்து மூன்று கணு மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நான்கு விளிம்பிலும் நாரை உரித்து, கணுவை வெட்டி எறிந்துவிட்டு நறுக்குங்கள். 150 கிராம் பிரண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில், சிறு தீயில் 10 நிமிடம், நிறம் மாறிச் சுருளும்வரை வதக்க வேண்டும். உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6 தனியே வறுத்து, புளி 15 கிராம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். நாக்கு அரித்தால் காரணம் மூன்றில் ஒன்று: தண்டு முற்றல், வதக்கியது போதவில்லை, புளி குறைவு. பிரண்டையிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் குத்துகின்றன.

யார் அளவோடு, யார் வேண்டாம்

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பருப்புக்கீரை, பிரண்டை இரண்டையும் தவிர்க்கலாம். சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கீரையும் கூட்டக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உண்பவர்களுக்குக் கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும்; திடீரென்று கூட்டுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகள் மூக்கிரட்டையையும் முடக்கத்தானையும் விட்டுவிடட்டும்.

பச்சைச் சாறாகக் குடிக்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. சமைத்துச் சாதாரணமாக உண்ணப்படும் தவசிக்கீரையையே 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்கப் பச்சைச் சாறாகக் குடித்துப் பலருக்கு நுரையீரல் மீளாதபடி பழுதானது.

மிஞ்சிய மணத்தக்காளிக் காய்க்கு வத்தல்

பச்சைக் காயைப் பச்சையாகத் தின்ன வேண்டாம், அதில் சொலனின் என்ற நஞ்சு உண்டு. 250 கிராம் காயைக் காம்பு நீக்கிக் கழுவி, ஒவ்வொன்றும் லேசாக வாய் பிளக்கும்படி நசுக்கி, ஒரு கோப்பை புளித்த மோரில் 15 கிராம் உப்பு கலந்து இரவு ஊறவையுங்கள். பகலில் காயை மட்டும் வடித்து வெயிலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மூன்றாம் நாள் மோர் முழுக்கக் காயில் ஏறியிருக்கும். அதன்பின் மோரில் போடாமல் காய்களைக் கையில் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும்வரை காயவிடுங்கள், வெயிலைப் பொறுத்து இன்னும் மூன்று நான்கு நாள் ஆகும். நடுவில் மழை மூடிவிட்டால் வெளியில் வைத்துப் பூசணம் பிடிக்கவிடாமல், மோரோடு குளிர்பெட்டியில் வைத்து வெயில் வந்ததும் தொடருங்கள். மெல்லிய வெள்ளைப் படலம் உப்பாக இருக்கலாம்; விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். பஞ்சுபோல் இழுபட்டால் பூசணம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.